பலகையை நம்பி வந்தவள்

கடைக்கு முன்னால் ஏணி வைத்து யாராவது புதுப் பலகை மாட்டுவதைக் கண்டால் இன்றைக்கும் சும்மா தாண்டிப் போக என்னால் முடியாது. என்ன எழுதியிருக்கிறது என்று நின்று வாசித்துவிட்டுத்தான் அப்பால் போவேன். இதை எழுதச் சொன்னவர் எவ்வளவு நாளைக்குத் தாக்குப்பிடிப்பார் என்றும் நினைத்துக்கொள்வேன். கெட்ட பழக்கம்தான். வயது போனதால் வந்தது என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். வயதால் வந்ததல்ல, ஒரு தையல் மெசினால் வந்தது.

நீங்கள் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். மெசினைக் கழற்றிப் பூட்டவும், எண்ணெய் விடவும், வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கவும் உங்களைப் பழக்கியிருப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. உங்கள் கை என் கையைவிட வேகமானது, பார்த்துவிட்டேன். ஆனால் கடைக்குள் முதலாளி ஒரு பக்கமும் வாங்க வந்தவர் மறுபக்கமும் நின்று உங்கள் முகத்தையே பார்க்கிற நேரம் ஒன்று வரும். வாயைத் திறப்பதா மூடிக்கொள்வதா என்று அந்த நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். அதை யாரும் பழக்குவதில்லை.

நான் வேலை பார்த்தது யாழ்ப்பாணப் பட்டணத்தில், பெரியகடைப் பக்கத்தில் இருந்த ஒரு கடையில். தையல் மெசின், சுவர் மணிக்கூடு, காஸ் விளக்கு எல்லாம் விற்றோம். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்த வேதக்காரப் பெண், கலியாணம் கட்டியவள். மெசின் வாங்கிய வீட்டுக்குப் போய்த் தைக்கச் சொல்லிக்கொடுப்பதற்கென்று முதலாளி என்னை வைத்திருந்தார். அதனால் கடையில் எல்லாருக்கும் நான் ரீச்சர். மற்ற நேரங்களில் கடையில் நிற்பேன். பெண்ணொருத்தி கடையில் நிற்கிறாளாம் என்று பார்க்க வந்தவர்களும் உண்டு. வந்தவர்கள் ஊசியாவது வாங்கிக்கொண்டு போனதால் முதலாளி அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்தக் கடையை இப்போது நினைத்தால் மத்தியான நித்திரையில் கண்ட இடம் மாதிரித்தான் வருகிறது. சுவர் நிறைய மணிக்கூடுகள், ஒவ்வொன்றும் தன் பாட்டில் ஒரு நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஓட்டுக்கு நடுவில் பதித்திருந்த கண்ணாடி வழியே ஒரு துண்டு வெயில் இறங்கும். காலையில் அது கணக்கப்பிள்ளையின் மேசையில் கிடக்கும். பிறகு மெல்ல நகர்ந்து மெசின்களிடம் வந்து, கறுப்புப் பூச்சின் மேல் இருந்த தங்கப் பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போய், பின்னேரம் சுவரில் ஏறிவிடும். எண்ணெய் மணமும் புது மரப்பெட்டியின் மணமும் கலந்து ஒரு மயக்கம் இருக்கும். தெருவில் போகிற வண்டிச் சத்தம்கூடத் தூரத்துச் சத்தமாகவே கேட்கும். அந்த வெயில் துண்டைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ நாள் வேலை பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு நாளில்தான் பலகை வந்தது. முதலாளி கொழும்புக்குப் போய் வந்திருந்தார். கோட்டைப் பக்கத்து வெள்ளைக்காரக் கடையொன்றின் கண்ணாடியில் எழுதியிருந்ததைக் கண்டு, இங்கேயும் ஒன்று எழுதுவித்துக்கொண்டு வந்துவிட்டார். சிவப்பு எழுத்து. இதே சரக்கு வேறெங்காவது குறைந்த விலைக்கு விற்கப்பட்டால் அந்த விலைக்கே இங்கும் தரப்படும் என்று இருந்தது. பட்டணமே வந்து வாசித்தது. விலை பேசிப் பேசியே பழகிய சனத்துக்கு அது ஏதோ வேடிக்கை. வாசித்துவிட்டு உள்ளே வந்து, பழையபடி விலை பேசிவிட்டுப் போனார்கள். அந்த எழுத்தை எழுத்தாகவே நம்பி ஒருவர் வருவார் என்று முதலாளி நினைத்திருக்கமாட்டார்.

நம்பி வந்தவள் பெயர் வள்ளியம்மை. உரும்பிராய்க்காரி. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து. புருஷன் காய்ச்சலில் போய் வருஷம் திரும்பியிருந்தது. அண்ணன் வீட்டில் இருந்தாள். தாலிக்கொடியை விற்ற காசு அவளிடம் இருந்தது. அந்தக் காசை அண்ணன் புகையிலைத் தோட்டத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். சித்திரை வருஷம் பிறக்கும்வரை பொறுக்கிறேன், அதற்குள் நீ மெசினோ கிசினோ வாங்கினால் சரி, இல்லாவிட்டால் காசு தோட்டத்துக்கு என்று சொல்லிவிட்டானாம். காசு தோட்டத்துக்குள் போனால் தான் சாகும்வரை அண்ணியின் அடுப்படியில்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதெல்லாம் பிறகு அவளே எனக்குச் சொன்னது.

அவள் கேட்ட மெசின் காங்கேசன்துறையில் ஒரு கடையில் எங்களுடைய விலையைவிடக் குறைவு. துறைமுகத்தில் இறங்குகிற சரக்கு, அங்கே எல்லாம் கொஞ்சம் மலிவுதான். வித்தியாசம் இரண்டு மூட்டை நெல்லின் விலை இருக்கும். அவளிடம் இருந்தது அந்தக் கடை விலைக்கு மட்டுமே போதும். ஆனால் அங்கே வாங்கினால் மெசின் வரும், பழக்க ஆள் வராது. எங்கள் கடையில் வாங்கினால் நான் போவேன். தையல் தெரியாதவளுக்கு வெறும் மெசின் எதற்கு?

நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வேறு கடை மெசினுக்குப் பழக்குவதில்லை என்று சேரும்போதே முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கு வாக்குத்தானே.

முதல் தடவை அவள் வந்து பலகையைக் காட்டிக் கேட்டபோது முதலாளி நல்ல தன்மையாகத்தான் பதில் சொன்னார். சும்மா வாயால் சொன்னால் எப்படி, அந்தக் கடைக்காரரிடம் விலையை எழுதி வாங்கி வா என்றார். அவளும் ஓம் என்றுவிட்டுப் போனாள். உரும்பிராயிலிருந்து சுன்னாகத்துக்கு நடந்து, அங்கிருந்து ரயிலில், நாங்கள் கோச்சி என்போம், காங்கேசன்துறைக்குப் போயிருக்கிறாள். வாங்காத சரக்குக்கு எவன் விலைத் துண்டுச் சீட்டு எழுதித் தருவான்? அந்தக் கடைக்காரர் சிரித்திருக்கிறார். இவள் வெயிலுக்குள் வாசலிலேயே நின்றிருக்கிறாள். கடைசியில் நாட்காட்டித் தாளொன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாராம். திரும்பி வரக் கோச்சிக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல் நடந்தே வந்தாளாம். அவ்வளவு தூரம் அந்த வெயிலில் அவள் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

துண்டோடு வந்தபோது முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை என்றார். பிறகு, அது இந்தியாவிலிருந்து தோணியில் வந்தது, எங்களது கொழும்பிலிருந்து கோச்சியில் வந்தது, இரண்டும் எப்படி ஒரே சரக்காகும் என்றார். கணக்கப்பிள்ளை தலையாட்டினார். முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் சாட்சி சொல்வேன் என்று நம்பினார்.

"ரீச்சர், நீங்கள் சொல்லுங்கோ. உது வேறை மெசின்தானே?"

"இல்லை முதலாளி. ரெண்டும் ஒண்டுதான்."

கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். இதில் வீரம் ஒன்றும் இல்லை. பொய் சொல்ல எனக்கு யோசிக்க நேரம் வேண்டும், அவர் நேரம் தரவில்லை. முதலாளியின் முகம் கறுத்துப் போனது. குனிந்து மெசினின் அடியில் வெட்டியிருந்த இலக்கத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மெசினுக்கும் ஒவ்வோர் இலக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நம்பர் வேறென்றால் மெசினும் வேறுதானே என்றார். அப்படிப் பார்த்தால் உலகத்தில் எந்த மெசினும் இன்னொரு மெசின் இல்லை, அந்தப் பலகைக்கு வேலையும் இல்லை. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. சொன்ன பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை.

வள்ளியம்மை அழவில்லை. துண்டை மடித்து இடுப்பில் செருகினாள். அப்போது கணக்கப்பிள்ளை சிரிப்பு மூட்ட ஒரு பகிடி விட்டார். கெட்ட மனுஷன் அல்ல, ஆனால் பகிடி விடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"வருஷத்தண்டு முதல் ஆளா வாருங்கோ பிள்ளை. கைவிசேட நேரத்திலை முதலாளி ஆருக்கும் இல்லை எண்டு சொல்லமாட்டார்."

அந்தப் பகிடியின் கூர் எங்கே என்று வெளியூரார்களுக்கு விளங்காது. சித்திரை வருஷத்தன்று பஞ்சாங்கத்தில் குறித்த நல்ல நேரத்தில் கடை திறந்து முதல் வியாபாரம் செய்வார்கள், அதுதான் கைவிசேடம். முதலில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, இல்லை என்று சொல்லக்கூடாது. அந்தக் கை நல்ல கையாக இருந்தால் வருஷம் முழுதும் நல்லது என்று நம்பிக்கை. அதனாலேயே வீட்டில் விளக்கேற்றுகிற மனுஷியாகப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். புருஷன் இல்லாதவள் அன்றைக்கு அந்த நேரத்தில் தெருவிலேயே முன்னால் வரமாட்டாள். அவளைப் பார்த்துத்தான் முதல் ஆளாக வா என்றார். முதலாளி மெல்லச் சிரித்தார். வள்ளியம்மை கணக்கப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். பிறகு போயிட்டு வாறன் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வருஷமும் பிறந்தது. அந்தக் காலைப்பொழுது எனக்கு நினைவில் இருக்கிற விதம் வேறு. எல்லாமே மெதுவாக நடந்ததாகத் தோன்றுகிறது. வாசலில் நிறைகுடம், மாவிலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அந்த வருஷத்துக்குப் பஞ்சாங்கம் சொன்ன நிறம் சிவப்பு. முதலாளியின் வேட்டிக் கரை சிவப்பு, கணக்கப்பிள்ளையின் சால்வை சிவப்பு, தெருவில் போன பெண்களின் சேலையெல்லாம் சிவப்பு. வேதக்காரியானாலும் முதலாளி சொன்னதற்காக நானும் சிவப்புக் கரைச் சேலை கட்டியிருந்தேன். சாம்பிராணிப் புகை மணிக்கூடுகளுக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தது. இத்தனை மணிக்கூட்டில் எது சரி என்று முதலாளிக்கே சந்தேகம் வந்து, பக்கத்துக் கடையில் நேரம் கேட்டு வரக் கணக்கப்பிள்ளையை அனுப்பினார். சொல்லிவைத்திருந்த மனுஷி இன்னும் வந்து சேரவில்லை.

அந்தச் சிவப்புக்கெல்லாம் நடுவில் ஒரு வெள்ளைச் சேலை வாசலில் ஏறியது.

குளித்து, திருநீறு பூசி, தலையைப் படிய வாரி இருந்தாள். நிறைகுடத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, மெசினுக்கு முன்னால் நின்றாள். முந்தானையில் முடிந்திருந்த காசைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற இரண்டொருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். திரும்பி வந்த கணக்கப்பிள்ளைக்கு முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். நல்ல நேரம் தொடங்கிவிட்டது.

கணக்கப்பிள்ளை என்னிடம் வந்து காதோடு சொன்னார். ஒரு ஊசிப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"ரீச்சர், இதை நீங்கள் வாங்குங்கோ. கழுத்திலை தாலி இருக்கிற ஆள். முதல் வியாபாரம் உங்கடை கையாலை முடியட்டும். பிறகு அவவுக்கு மெசினைக் குடுப்பம், அந்த விலைக்கே குடுப்பம். முதலாளியோடை நான் கதைக்கிறன்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அது நல்ல யோசனை. முதலாளியின் மனம் ஆறும். வள்ளியம்மைக்கு மெசின் கிடைக்கும். என் வேலையும் தப்பும், எங்கள் வீட்டில் அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிந்தது. எல்லாருக்கும் நல்லதாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. அவளை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு, மற்றவர்கள் கூடிப் பேசி அவளுக்குக் கொடுக்கிற நல்லது அது. அவள் பிச்சைக்கு வரவில்லை. பலகை சொன்னதையும், முதலாளி கேட்டதையும், பகிடி சொன்னதையும் ஒன்றுவிடாமல் செய்துவிட்டு வந்து நிற்கிறாள்.

ஊசிப் பெட்டியை இருந்த இடத்தில் வைத்தேன். விற்பனை மேசையின் உள்பக்கத்திலிருந்து வெளியே வந்து, சுற்றிப் போய், வள்ளியம்மைக்குப் பின்னால் நின்றேன்.

"நான் அவவுக்குப் பிறகு வாங்கிறன்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். இண்டைக்கு நல்ல நாள் பிள்ளை, இன்னொரு நாளைக்குக் கதைப்பம் என்று கெஞ்சுவது போலச் சொன்னார். அவர் பயந்திருந்தார், உண்மையாகவே பயந்திருந்தார். அதையும் நான் சொல்ல வேண்டும்.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"பலகையிலை எழுதியிருந்தது, வந்தன். எழுதி வாங்கி வா எண்டியள், வாங்கி வந்தன். வருஷத்தண்டு முதல் ஆளா வா எண்டார், வந்து நிக்கிறன். இனி என்னை எங்கை போகச் சொல்லுறியள் ஐயா?"

மணிக்கூடுகள் எல்லாம் சேர்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. ஓட்டுக் கண்ணாடி வழியே வந்த வெயில் அவள் தோளில் விழுந்திருந்தது. கனவில் நிற்பது போல நின்றோம். முதலாளி மேசையை விட்டு வெளியே வந்தார். இரண்டு கையையும் நீட்டி அந்தக் காசை வாங்கினார். வழக்கமாக முதல் ஆளுக்குக் கொடுக்கிற வெற்றிலையை அவளுக்குக் கொடுத்தார். பிறகு, ஒவ்வொரு வருஷமும் செய்கிறது போலவே, அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டிக்குள் போட்டார்.

அது தாலிக்கொடி விற்ற காசு என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. பிறகு தெரிந்தபோது நான் அழுதேன்.

அந்த வருஷம் வியாபாரம் எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். மற்ற வருஷங்களைப் போலத்தான். சில மாதம் நன்றாக ஓடியது, சில மாதம் ஈ ஓட்டினோம். பலகையை முதலாளி அடுத்த நாளே கழற்றிவிட்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. செய்ய மனமில்லாததை எழுதிவைப்பதைவிட வெறும் சுவர் நல்லது. அவர் என்னை வேலையால் நிற்பாட்டவில்லை, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவும் இல்லை. கணக்கப்பிள்ளை மட்டும் கொஞ்ச நாள் பகிடி விடாமல் இருந்தார்.

உரும்பிராய்க்கு நான் பழக்கப் போனேன். செம்மண் ஒழுங்கை, இரண்டு பக்கமும் புகையிலை. தூரத்தில் யாரோ கிணற்றில் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கிற சத்தம், கிட்டத்தில் மெசின் ஓடுகிற சத்தம், இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தால் கண் சொக்கும். வள்ளியம்மை கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். நூலைச் சிக்கவைப்பாள், ஊசியை முறிப்பாள். முறித்துவிட்டுத் தன்னையே ஏசிக்கொண்டு மறுபடி தொடங்குவாள். அண்ணன் தோட்டத்தால் வரும்போது வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போவான். மழைக்காலம் வரும்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டை தைக்கத் தொடங்கியிருந்தாள். தன் சோற்றைத் தன் அடுப்பில் ஆக்கினாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கம் வேறொரு வீட்டுக்குப் பழக்கப் போனபோது அவளையும் பார்க்கப் போனேன். பங்குனி வெயில். மெசினுக்குப் பக்கத்தில் என்னை இருத்தி மோர் தந்தாள். அந்த நேரம் ஒரு மனுஷி மகளின் சட்டைத் துணியோடு வந்தாள். கூலியைக் கேட்டுவிட்டு, தூரத்து ஊரான அளவெட்டியில் ஒருவன் இதைவிடக் குறையத் தைக்கிறானே என்றாள்.

"அப்ப அந்தக் காசையே தாங்கோ" என்றாள் வள்ளியம்மை. துணியை வாங்கி அளவெடுத்தாள்.

அந்த மனுஷி போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. அளவெட்டியில் அப்படி ஒருவன் இருக்கிறானோ இல்லையோ, ஒரு சொல் விசாரித்திருக்கலாமே என்றேன்.

அவள் மெசினில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்டால் அவ அங்கை போய் விசாரிச்சுக்கொண்டு வரவேணும் அக்கா. வெளியிலை நல்ல வெயில்."